நோயேடும் கட்டணச்சீட்டும்: அமெரிக்க நலப்பராமரிப்பு நிறுவனங்களின் தகவல் முறைமைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மருத்துவம் அளிப்போரும் அதற்குப் பணம் செலுத்துவோரும் நெடுங்காலம் வேறுவேறாகவே இருந்தனர். மருத்துவர் நோயாளியைப் பார்த்தார். செய்தவற்றைக் கணக்கிட்டுக் கட்டணச்சீட்டு எழுதினார். காப்பீட்டு நிறுவனம் அச்சீட்டைச் சரிபார்த்துப் பணம் அனுப்பியது. அந்த மருத்துவம் தேவைதானா, அதனால் நோயாளி நலம் பெற்றாரா என்னும் வினாக்களை அந்நிறுவனம் பெரும்பாலும் எழுப்பியதில்லை. 'மேனேஜ்டு கேர்' என்று அந்நாட்டில் வழங்கும் ஏற்பாடு இவ்விரு தரப்பையும் ஒன்றாகப் பிணைக்க வந்தது. இதில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் ஒரு நிலையான தொகை முன்னதாகவே பெறப்படுகிறது. அத்தொகைக்குள் அவருக்கு வேண்டிய மருத்துவம் முழுவதையும் அளிக்க நிறுவனம் பொறுப்பேற்கிறது. அதற்கென ஒப்பந்தமான மருத்துவர்களும் மருத்துவமனைகளும் உண்டு; வல்லுநரிடம் செல்லப் பரிந்துரையும், செலவு மிகுந்த சிகிச்சைக்கு முன்னனுமதியும் வேண்டும்.

இவ்வேற்பாட்டுக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. 'நிருவகிக்கப்படும் நலப்பராமரிப்பு' என்னும் சொல்லாக்கம் நீளமானது. எனினும் பொருளை மறைக்காதது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து வந்து 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், உடற்கூற்றுக்கும் நோய்களுக்கும் தமிழ்ச்சொற்கள் தேடித் தந்தார். மருத்துவத்தின் பணக்கணக்குக்குச் சொல் தேட அவருக்குத் தேவை நேரவில்லை. இக்கட்டுரையில் 'நலநிறுவனம்' என்று சுருக்கமாகக் குறிக்கப்படுவது மேற்சொன்ன வகை நிறுவனமே.

ஒரு நலநிறுவனம் எதனால் ஆனது என்று கேட்டால், கட்டடங்களாலோ கருவிகளாலோ அன்று என்பதே விடை. இன்று யார் யார் உறுப்பினர், ஒவ்வொருவரும் எந்த மருத்துவரைச் சார்ந்தவர், அவருக்கு என்ன செய்யப்பட்டது, அதற்கு யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், இன்னும் வந்து சேராத கட்டணச்சீட்டுகள் எவ்வளவு இருக்கும் என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை தெரிந்திருந்தால்தான் அது நிறுவனம். விடை தெரியாத நாளில் அது பணம் பெற்றுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டமே. ஆகவே இங்குத் தகவல் முறைமை நிறுவனத்துக்குத் துணைக்கருவி என்பதைவிட, நிறுவனத்தின் உடலே எனலாம்.

இரு மரபுகள்

1933இல் சிட்னி கார்ஃபீல்டு என்னும் இளம் மருத்துவர் கலிஃபோர்னியாவின் மொஹாவிப் பாலைவனத்தில், கொலராடோ ஆற்றுக் கால்வாய் வெட்டும் தொழிலாளருக்காக ஒரு சிறு மருத்துவமனை எழுப்பினார். ஒவ்வொருவரும் நோயுற்றபின் கட்டணம் வாங்கும் முறையில் அது நிலைக்கவில்லை. தொழிலாளர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து சென்ட் முன்கூட்டியே காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து பெறும் ஏற்பாடு வந்த பின்னரே அது நிமிர்ந்தது. வேலையிடத்துக்கு வெளியே நேரும் நோய்களுக்காகத் தொழிலாளரே மற்றோர் ஐந்து சென்ட் கொடுத்தனர். இக்கணக்கே பின்னர் ஹென்றி கைசரின் கிராண்ட் கூலி அணைக்கும், போர்க்காலத்து ரிச்மண்ட் கப்பல் கட்டுந்தளங்களுக்கும் பரவி, 1945இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டு, இன்றைய கைசர் பெர்மனென்டே ஆயிற்று.

முன்னதாகப் பணம் பெற்றவருக்கு நோய் வராமல் தடுப்பதில் ஆதாயம் உண்டு. மின்பொறியியலும் கற்றிருந்த மருத்துவர் மோரிஸ் காலன் 1960களில் அந்நிறுவனத்தின் ஓக்லாந்துக் கிளையில், நலமாக இருப்போரையே வரிசையாகப் பல சோதனைகளுக்கு உட்படுத்தி, முடிவுகளைக் கணினியில் சேர்த்துவைக்கும் முறையை அமைத்தது இக்காரணத்தால்தான். அதே காலத்தில் பாஸ்டனில், மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆக்டோ பார்னெட்டின் ஆய்வகம், 1969இல் தொடங்கிய ஹார்வர்டு சமூக நலத் திட்டத்துக்காகக் 'காஸ்டார்' என்னும் புறநோயாளர் ஏட்டு முறைமையை உருவாக்கியது. மருத்துவர் ஓர் அச்சிட்ட படிவத்தில் குறிகள் இடுவார். எழுத்தர் அதைக் கணினியில் ஏற்றுவார். அந்த ஒரே பதிவிலிருந்து நோயாளியின் ஏடும் வந்தது. நிறுவனத்தின் கணக்கும் வந்தது. தொண்டைச் சோதனையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி கண்டும் சிகிச்சை தொடரப்படாத நோயாளிகளைக் கணினி தேடிப் பிடித்து மருத்துவருக்கு நினைவூட்டவும் அதனால் இயன்றது. அவ்வாய்வகத்தில் 1966, 67ஆம் ஆண்டுகளில் பிறந்த 'மம்ப்ஸ்' என்னும் நிரல்மொழி இன்றும் மறையவில்லை. 1979இல் விஸ்கான்சினில் ஜூடித் ஃபாக்னர் தொடங்கிய எப்பிக் நிறுவனத்தின் முறைமை அதன்மேல்தான் வளர்ந்தது.

இது நோயேட்டு மரபு. மற்றொன்று கட்டணச்சீட்டு மரபு. மருத்துவர் செய்த செயலுக்கு ஒரு குறியீடு, நோய்க்கு ஒரு குறியீடு, நாள், தொகை ஆகியவற்றைப் பெற்று, சரிபார்த்து, பணம் அனுப்பும் காப்பீட்டுக் கணினிகளின் மரபு அது. பால் எல்வுட் 1970இல் 'ஹெல்த் மெயின்டனன்ஸ் ஆர்கனைசேஷன்' என்னும் பெயரைப் படைத்தார். அதன் சுருக்கமே எச்.எம்.ஓ. 1973 டிசம்பரில் அதிபர் நிக்சன் ஒப்பமிட்ட சட்டம் அத்தகைய நிறுவனங்களுக்கு நிதியுதவி தந்தது. 25 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளருக்குக் காப்பீடு தரும் முதலாளிகள், தகுதிபெற்ற எச்.எம்.ஓ. ஒன்றையும் தெரிவாக வைக்க வேண்டும் எனவும் கட்டளையிட்டது. அதன்பின் பெருகிய நிறுவனங்களுள் மிகப் பலவற்றுக்குச் சொந்த மருத்துவமனைகள் இல்லை. தனித்தனியே தொழில் நடத்தும் மருத்துவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, பழைய காப்பீட்டுக் கணினியை வைத்தே அவை வேலை தொடங்கின. நோயைத் தடுப்பதாகச் சொன்ன நிறுவனத்துக்கு நோயாளியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவருடைய கட்டணச்சீட்டு மட்டுமே என்னும் நிலை இவ்வாறுதான் உண்டாயிற்று. இத்துறையில் பின்னர் நேர்ந்த இடர்களுள் பல இந்தப் பிறப்பிலிருந்தே வந்தவை.

வந்து சேராத சீட்டுகள்

நலநிறுவனத்தின் கணக்கில் பிறர் எளிதில் விளங்கிக்கொள்ளாத ஒரு பகுதி உண்டு. ஜனவரியில் மருத்துவம் நடக்கிறது; அதற்கான சீட்டு பிப்ரவரியிலோ மேயிலோ வருகிறது. ஜனவரிக் கணக்கை முடிக்கும்போது, நடந்து முடிந்தும் வந்து சேராத செலவை ஊகித்து ஒதுக்கிவைக்க வேண்டும். இவ்வொதுக்கீட்டைத் துறையினர் 'ஐ.பி.என்.ஆர்.' என்பர். ஊகிக்கும் வழி எளியது: முந்தைய ஆண்டுகளில் முதல் மாத இறுதிக்குள் மொத்தச் செலவில் எத்தனை விழுக்காடு செலுத்தப்பட்டிருந்தது, இரண்டாம் மாத இறுதிக்குள் எத்தனை என்று பார்த்து, இன்று செலுத்தியிருக்கும் தொகையை அவ்விழுக்காட்டால் வகுப்பர்.

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். ஒரு நிறுவனத்தின் மாத மருத்துவச் செலவு மெய்யாகவே 3 கோடி டாலர் என்க. வழக்கமாக முதல் மாத இறுதிக்குள் அதில் 30 விழுக்காடு, அதாவது 90 இலட்சம் செலுத்தப்பட்டுவிடும். இப்போது புதிய கணினி முறைமைக்கு மாறுவதால் சீட்டுகள் தேங்குகின்றன. 20 விழுக்காடான 60 இலட்சம் மட்டுமே செலுத்தப்படுகிறது. கணக்காளர் பழைய விகிதப்படி 60 இலட்சத்தை 30 விழுக்காட்டால் வகுத்து, மாதச் செலவு 2 கோடி என்று முடிவு கட்டுகிறார். ஒரு கோடி டாலர் காகிதத்திலிருந்து மறைந்துவிடுகிறது. செலவு குறைந்தது போலவும் ஆதாயம் மிகுந்தது போலவும் தோன்றுகிறது. கணினி எவ்வளவுக்குத் தடுமாறுகிறதோ அவ்வளவுக்கு நிறுவனம் செழிப்பதாகக் காட்டும் கொடிய விந்தை இது.

இது வெறும் கற்பனை அன்று. 1984இல் தோன்றி நியூயார்க் வட்டாரத்தில் மிக விரைவாக வளர்ந்த ஆக்ஸ்ஃபோர்டு ஹெல்த் பிளான்ஸ் நிறுவனம் 1996இல் தன் கணினி முறைமையை மாற்றியது. உறுப்பினருக்கு அனுப்ப வேண்டிய பிரீமியப் பட்டியல்கள் தாமதித்தன. மருத்துவருக்குச் சேர வேண்டிய பணம் தாமதித்தது. சீட்டுகளைப் பார்க்காமலே மருத்துவமனைகளுக்கு முன்பணம் கொடுத்துச் சமாளிக்க நேர்ந்தது. பட்டியலில் இருந்த உறுப்பினருள் பலர் விலகிவிட்டவர் என்பதும், மருத்துவச் செலவு எண்ணியதைவிட மிகுதி என்பதும் பின்னரே வெளிப்பட்டன. 1997 அக்டோபர் 27ஆம் நாள் அதன் பங்கு விலை ஒரே நாளில் 60 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. நிறுவனத்தைத் தோற்றுவித்த ஸ்டீபன் விக்கின்ஸ் அடுத்த ஆண்டு விலகினார். பின்னர் அந்நிறுவனம் மீண்டெழுந்து 2004இல் யுனைட்டெட் ஹெல்த் குழுமத்தோடு சேர்ந்தது.

பங்குச் சந்தையின் இழப்பே செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது. ஆயினும் பணம் வராமல் மாதக்கணக்கில் காத்திருந்த சிறு மருத்துவமனைகளும், அதனால் அந்த அட்டையை ஏற்க மறுத்த மருத்துவரும், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாயிலில் நின்ற நோயாளியும் இக்கதையின் மையத்தில் இருக்க வேண்டியவர்கள். ஐந்து வினாக்களுள் முதல் வினாவுக்கே, இன்று யார் உறுப்பினர் என்பதற்கே, விடை தெரியாத நிறுவனமாக அது சில காலம் இருந்தது.

தலைவீதக் கட்டணத்தின் முரண்

மருத்துவருக்கும் ஆளுக்கு இவ்வளவு என மாதந்தோறும் ஒரே தொகை கொடுத்துவிடும் முறை தலைவீதக் கட்டணம். செயலுக்குச் செயல் பணம் என்னும் முறையில் தேவையற்ற சோதனைகள் பெருகுகின்றன என்று கண்டு, அதற்கு மாற்றாக இது பரிந்துரைக்கப்பட்டது. பொருளியல் நோக்கில் நியாயமான ஏற்பாடே. ஆனால் தகவல் நோக்கில் இது ஒரு பெருந்துளையை உண்டாக்கியது. மருத்துவர் சீட்டு எழுதுவது பணத்துக்காக. பணம் எப்படியும் வருமாயின் சீட்டு எதற்கு? கட்டணச்சீட்டு மரபில் வளர்ந்த நிறுவனம் தன் ஒரே கண்ணையும் இவ்வாறு தானே குத்திக்கொண்டது. பணம் கோராத வெறும் 'சந்திப்புப் பதிவு' அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தங்களில் எழுதப்பட்டது. எழுதப்பட்டதே ஒழிய, வந்த பதிவுகள் பல இடங்களில் அரைகுறையாகவே இருந்தன.

மெடிகேர் என்னும் முதியோர் காப்பீட்டில் இது வேறு திசையில் திரும்பியது. தனியார் நலநிறுவனத்தில் சேரும் முதியவருக்காக அரசு கொடுக்கும் தொகை, 2004 முதல் படிப்படியாக அவருடைய நோய்க்குறியீடுகளைப் பொறுத்து அமையலாயிற்று. நோய் மிக்கவருக்கு மிகுந்த தொகை என்பது அறம் சார்ந்த கொள்கை. நலமானவரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் போக்கை அது தடுக்கிறது. உடனே குறியீடு பணமாயிற்று. நேற்றுவரை பதிவு வரவில்லை என்று வருந்திய நிறுவனங்கள், ஏடுகளைத் தோண்டி விடுபட்ட நோய்களைத் தேடும் பணிக்குத் தனிப்பிரிவுகளே அமைத்தன. இல்லாத நோய் எழுதப்படுகிறதா என்பதை அரசுத் தணிக்கையாளர் ஆராய்வது இன்று ஒரு தொடர்நிகழ்ச்சி. தகவலுக்கு விலை இல்லாதபோது அது வரவில்லை. விலை வந்தபோது அளவுக்கு மிஞ்சி வந்தது.

சீட்டு சொல்லாதவை

நலநிறுவனங்களின் தரத்தை ஒப்பிட 1990களின் தொடக்கம் முதல் 'ஹீடிஸ்' என்னும் அளவைத் தொகுதி வழங்குகிறது, என்.சி.க்யூ.ஏ. என்னும் அமைப்பு அதனைப் பேணுகிறது. நீரிழிவு உள்ளவருள் எத்தனை பேருக்கு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஏ1சி சோதனை செய்யப்பட்டது என்பது அதன் பழைய அளவைகளுள் ஒன்று. சோதனை நடந்தது என்பதைக் கட்டணச்சீட்டு சொல்லும். முடிவு 6.5ஆ, 11ஆ என்பதைச் சொல்லாது. இரண்டுக்கும் ஆய்வகம் வாங்கும் கட்டணம் ஒன்றே. ஆகவே சோதனை செய்தவர் விழுக்காட்டில் உயர்ந்து நிற்கும் ஒரு நிறுவனத்தில் நோயாளிகளின் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கக் கூடும். சோதனை முடிவையே கேட்கும் அளவைகள் பின்னர்ச் சேர்ந்தபோது, கட்டணச்சீட்டு மரபினர் ஆண்டுதோறும் ஆட்களை அனுப்பி மருத்துவமனை ஏடுகளைப் புரட்டச் செய்தனர்.

நோயேட்டு மரபு எதைச் செய்ய வல்லது என்பதற்கு வயாக்ஸ் என்னும் வலிநீக்கி மருந்தின் வரலாறு சான்று. கைசரின் கலிஃபோர்னியா உறுப்பினருள் இவ்வகை மருந்துகளை உட்கொண்ட சுமார் 14 இலட்சம் பேரின் மருந்து வழங்கல் பதிவுகளையும் மருத்துவமனைப் பதிவுகளையும் இணைத்து, உணவு மருந்து நிருவாகத்தைச் சேர்ந்த டேவிட் கிரகாமும் உடனாய்வாளரும் மாரடைப்பு இடரை ஆராய்ந்தனர். முதற்கட்ட முடிவு 2004 ஆகஸ்டில் வெளியாயிற்று. முழு ஆய்வு 2005இல் 'லான்செட்' இதழில் வந்தது. மருந்தை மெர்க் நிறுவனம் 2004 செப்டம்பர் இறுதியில் திரும்பப் பெற்றதற்கு அதன் சொந்தச் சோதனையே உடனடிக் காரணம். எனினும் மருந்தகமும் மருத்துவமனையும் ஒரே உறுப்பினர் எண்ணில் பிணைந்திருந்தமையால் இத்தகைய வினாவை எழுப்ப முடிந்தது என்பது மறுக்க இயலாதது. கைசரின் பாதையும் நேரானதாக இருக்கவில்லை. ஐ.பி.எம்.உடன் சேர்ந்து உருவாக்கி ஹவாயில் நடைமுறைப்படுத்தத் தொடங்கிய முறைமையைப் பெருஞ்செலவுக்குப் பின் 2003இல் கைவிட்டு எப்பிக்கின் முறைமைக்கு அது மாறியது. எல்லா மருத்துவமனைகளிலும் அதை நிறுவி முடிக்க 2010 ஆயிற்று.

முன்னனுமதி பற்றிச் சில சொற்கள் போதும். அதற்கான மின்னணுச் செய்தி வடிவம் 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், கோரிக்கைகள் பெருமளவில் ஃபேக்ஸிலும் தொலைபேசியிலுமே நடந்துவந்தன. மெடிகேர் அட்வான்டேஜ் முதலிய அரசு நிதி சார்ந்த திட்டங்கள் அவசரக் கோரிக்கைக்கு 72 மணி நேரத்திலும் பிறவற்றுக்கு ஏழு நாளிலும் முடிவு சொல்ல வேண்டும் என்னும் விதி 2024இல் வெளியாகி, 2026 முதல் நடைமுறைக்கு வருமாறு அமைந்தது.

அதே 2024இன் பிப்ரவரி 21ஆம் நாள் மற்றொன்றும் நிகழ்ந்தது. மருத்துவருக்கும் நலநிறுவனங்களுக்கும் இடையே ஆண்டுக்குச் சுமார் 1,500 கோடிச் செய்திகளைக் கடத்தும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்தின் கணினிகள் பணயத் தாக்குதலுக்கு ஆளாயின. இரட்டை அடையாளச் சரிபார்ப்பு இல்லாத ஒரு தொலைநுழைவு வாயில் வழியே புகுந்தவர்கள் செய்த வேலை அது. பல வாரங்கள் நாடெங்கும் மருந்தகங்களில் காப்பீட்டைச் சரிபார்க்க முடியவில்லை. சிறு மருத்துவமனைகள் ஊதியம் கொடுக்கக் கடன் வாங்கின. ஏறத்தாழ 19 கோடிப் பேரின் தகவல்கள் வெளிப்பட்டதாகத் தாய் நிறுவனமான யுனைட்டெட் ஹெல்த் பின்னர் மதிப்பிட்டது. பல்லாயிரம் மருத்துவரும் நூற்றுக்கணக்கான நிறுவனங்களும் ஒருவரோடொருவர் பேச ஓர் இடைத்தரகரையே நம்பியிருந்தனர் என்பது அதுவரை பொதுமக்கள் அறியாத செய்தி.

பெயர் என்னும் திறவுகோல்

ஆக, எல்லா இணைப்புக்கும் அடிப்படை, இந்தப் பதிவும் அந்தப் பதிவும் ஒரே ஆளுடையவை என்று அறிவது. நார்வேயில் வாழும் தமிழருக்கு 11 இலக்கத் தேசிய எண் உண்டு. ஒன்டாரியோவில் 10 இலக்க நலஎண் உண்டு. அமெரிக்காவில் நோயாளிக்கு அத்தகைய எண் இல்லை. ஹிப்பா சட்டம் மருத்துவருக்கும் முதலாளிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நோயாளிக்கும் தனித்தனி அடையாள எண் வேண்டும் என்றது. மருத்துவருக்கு 10 இலக்க எண் வந்துவிட்டது. நோயாளிக்கான எண்ணுக்கு மட்டும், அந்தரங்கம் கெடும் என்னும் அச்சத்தால், 1998 முதல் நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்கள் தடை விதித்தன. எனவே பெயர், பிறந்த நாள், பால், முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டே கணினிகள் ஆளை அறிகின்றன. அந்தரங்கத்தைக் காக்க எழுந்த தடை, ஒவ்வொரு நிறுவனமும் ஒருவரைப் பற்றி இன்னும் மிகுதியான தகவல்களைச் சேர்த்துவைக்கும்படி செய்துவிட்டது.

இங்கேதான் தமிழ்ப்பெயர் மரபு இம்முறைமையோடு மோதுகிறது. கணினிப் படிவம் எதிர்பார்ப்பது ஒரு முதற்பெயரும் தலைமுறைதோறும் மாறாத ஒரு குடும்பப்பெயரும். தமிழருள் பெரும்பாலோர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. தமிழ்நாட்டவர் கடவுச்சீட்டுக்காக அம்முதலெழுத்தை விரித்துத் தந்தை பெயரைக் குடும்பப்பெயராக்குகின்றனர். ஈழத்தமிழரிடையே தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் வருவது வழக்கம். கந்தையாவின் மகன் முருகேசன் 'கந்தையா முருகேசன்' என்று எழுதினால், படிவம் கந்தையாவை அவருடைய முதற்பெயராகக் கொள்ளும். அவருடைய சொந்தப்பெயர் குடும்பப்பெயர் ஆகிவிடும். அவர் மகளுக்கு முருகேசன் குடும்பப்பெயர். மனைவி தன் தந்தை பெயரையே வைத்திருக்கக் கூடும். ஒரே கூரையின்கீழ் வேறுவேறு குடும்பப்பெயர்கள். வேலையிடம் அனுப்பிய உறுப்பினர் பட்டியலில் ஒரு வரிசையும் மருத்துவமனையில் மற்றொரு வரிசையும் பதிவானால், தகுதியைச் சரிபார்க்க அனுப்பும் வினாவுக்கு வரும் மறுமொழி 75 என்னும் குறியீடு: உறுப்பினர் காணப்படவில்லை. கடவுச்சீட்டில் ஒரே பெயர் உள்ள முதியவருக்கு நிலை இன்னும் இரங்கத்தக்கது. விசாவில் 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கம் அச்சாகிறது. அச்சுருக்கமே மருத்துவமனையில் அவர் பெயராகிவிடுகிறது. அதே சுருக்கத்தை முதற்பெயராகக் கொண்டோர் அந்நகரில் வேறு பலரும் இருப்பர்.

எழுத்துப்பெயர்ப்பு அடுத்த தடை. ஒலியால் ஒத்த பெயர்களை ஒன்றுசேர்க்க 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறையும் அதன் வழிவந்தவையும் இன்றும் பயன்படுகின்றன. அம்முறை பெயரின் முதல் ஆங்கில எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்வரும் மெய்களை இனவாரியாக எண்களாக்கும். கே, ஜி இரண்டுக்கும் 2 என்பதால் 'முருகன்' எப்படி எழுதப்பட்டாலும் ஒரே குறியீடு கிடைக்கும். ஆனால் 'கணேசன்' தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஜி எழுத்தாலும் ஈழத்தில் பலரால் கே எழுத்தாலும் தொடங்குகிறது. முதலெழுத்து வேறானதால் இரண்டும் வேறு ஆட்கள். செல்லையாவும் தேவனும் இப்படியே பிளவுபடுகின்றனர். தொல்காப்பியர் காலம் முதல் தமிழ் ஒரே எழுத்தால் குறிக்கும் ஒலிகளைப் பிரித்துப்பார்ப்பது ஆங்கில நெடுங்கணக்கின் இயல்பு. அதன் பயன் இங்கே ஒரு நோயேடு இரண்டாவது. ழகரமோ முதலெழுத்தாக வராமலே பிளக்கிறது: இசட் எழுத்தால் எழுதினால் அதன் எண் 2, எல் எழுத்தால் எழுதினால் 4. எனவே கனிமொழிகள் இருவராகின்றனர், எழிலனும் அப்படியே.

ஒருவருக்கு இரு ஏடுகள் உண்டானால் ஒரு மருத்துவர் கண்ட பென்சிலின் ஒவ்வாமை மற்றவர் திரையில் தோன்றாது. இருவர் ஒரே ஏட்டில் கலந்துவிட்டால் இடர் இன்னும் பெரிது. ஒருவருடைய குருதி வகையும் மருந்துகளும் மற்றவருடையனவாகக் காட்சியளிக்கும். முறைமையாளர் இவ்விரு பிழைகளையும் சமன்செய்யவே ஒப்பீட்டு வரம்புகளை அமைக்கின்றனர். 1969இல் ஃபெல்லெகி, சன்டர் இருவரும் வகுத்த நிகழ்தகவுக் கோட்பாடு அதற்கு அடிப்படை. அரிய பெயர் ஒத்தால் மிகுந்த மதிப்பும், பலருக்குரிய பெயர் ஒத்தால் குறைந்த மதிப்பும் என்பது அதன் சாரம். அமெரிக்கப் பெயர்த்தொகையை வைத்துக் கணித்த மதிப்புகளில் தமிழ்ப்பெயர் அனைத்தும் அரியவை. ஆகவே ஒரு தமிழ்க்குடியிருப்பில் வாழும் இரு சிவகுமார்கள், இரு ஸ்மித்துகளைவிட எளிதில் ஒருவராக இணைக்கப்படலாம்.

மொழிநூலார் இத்துறைக்குத் தரக்கூடிய பணி இவ்விடத்தில் திட்டவட்டமானது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ப்பெயரிலிருந்து அதன் மூலத் தமிழ் வடிவத்தை மீட்டு, அவ்வடிவங்களை ஒப்பிடும் விதிகள் வேண்டும். வல்லின எழுத்துகள் சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப ஒலிமாறும் முறையைத் தமிழிலக்கண ஆய்வு நன்கு அறிந்துள்ளது. ஈழ, தமிழக, மலேசிய எழுத்துப்பெயர்ப்பு வழக்குகளின் வேறுபாடுகளை மாநாட்டு நூலகங்களிலுள்ள பெயர்ப்பட்டியல்களே காட்டும். தந்தை பெயர், தன் பெயர், முதலெழுத்து என்னும் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் கொண்ட ஒரு தரவமைப்பையும், ஒவ்வொரு பெயருக்கும் அதன் யூனிக்கோடு தமிழ் வடிவத்தைச் சேர்த்துவைக்கும் வழியையும் வரையறுத்தால், எச்.எல்.7 போன்ற தரநிர்ணய அமைப்புகளிடம் முன்மொழியலாம். அவ்வமைப்பின் செய்தி வடிவங்கள் ஒருவருக்குப் பல பெயர்வடிவங்கள் இருப்பதை ஏற்கெனவே அனுமதிக்கின்றன. நோயாளி விரும்பும் மொழி எது என்னும் கட்டமும் அவற்றில் உண்டு. தமிழுக்கு அங்கே 'டி-ஏ' என்னும் ஈரெழுத்துக் குறியீடு. அக்கட்டத்தில் ஆங்கிலம் என்று எழுத்தர் தாமே நிரப்பிவிட்டால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்னும் செய்தி முறைமையில் எங்கும் எழாது. தாயையோ தந்தையையோ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகள் பதிவு மேசையில் அந்தக் கட்டத்தைக் காட்டச் சொல்லிப் பார்ப்பதற்கு எந்தத் தரநிர்ணயமும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.